பெரியவள் கொண்டுவந்த கூலர்

பொறாமைக்காரி என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்ன உடனே அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரியவள் கெட்டவள் இல்லை. தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் போய் நிற்கிறவள் அவள்தான். பொறாமையும் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவனைக் கட்டியவள் பெரியவள், இளையவனைக் கட்டியவள் சின்னவள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துப்போய், அவர்களுடைய சொந்தப் பெயர் அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீடு ஒன்றுதான். நடுவில் ஒரு நடை. நடைக்கு இந்தப் பக்கம் ஒரு அறையும் சமையலறையும் பெரியவளுக்கு, அந்தப் பக்கம் அதே அளவில் சின்னவளுக்கு. குழாயும் துணி காயப்போடும் பின்முற்றமும் பொது. சண்டையும் பொதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் பெரியவள் பக்கம் இருந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். தெரு முழுக்க அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். அந்தக் காலத்துப் பஸ்ஸில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்; சூடும் புகையும் நேரே முகத்தில் அடிக்கும். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியபோது கூடவே கெட்டுப்போன நெஞ்சையும் கொடுத்து அனுப்பினார்கள். குழாயடி வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குப்பி எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும்.

மாமியார் போன பிறகு அவரைத் தாங்கியது பெரியவள். அவளுடைய புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆக நடைக்கு இந்தப் பக்கம் அவளும் டிரைவரும்தான். "எம் பெரியவ இருக்கற வரைக்கும் எனக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அந்த ஒரு பேச்சை அவள் நகை மாதிரிப் போட்டுக்கொண்டு நடமாடினாள்.

அவளுக்கு வேலை லாண்டரியில். ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை, தலையணை உறை, எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அலசிப் பிழிந்து வந்ததை நீராவி இஸ்திரியில் தேய்த்து அடுக்குவது அவள் பாடு. கூரைத் தகரம் மேலிருந்து காயும், இஸ்திரி கீழிருந்து ஆவி விடும். "நாங்கல்லாம் பாதி வெந்தவங்க, எங்களை வெயில் ஒண்ணும் பண்ணாது" என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. அப்படி ஒரு வெயில். சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. குழாயைத் திறந்தால் வெந்நீர். மின்விசிறி கொதிக்கிற காற்றை எடுத்து முகத்தில் அப்பியது.

சின்னவளுடைய புருஷன் ஏசி மெக்கானிக். யாரோ வேண்டாமென்று கழற்றிப் போட்ட பழைய ஏசி ஒன்றைத் தூக்கி வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்துவிட்டான்.

"அடுத்து ஒண்ணு கிடைச்சா உங்களுக்குத்தான் அண்ணி" என்றான்.

"எனக்கு எதுக்குப்பா? அடைச்ச அறையில எனக்கு மூச்சு முட்டும்" என்றாள் பெரியவள். நாக்குத்தான் அப்படிச் சொன்னது. வயிறு எரிந்துகொண்டிருந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அந்த ஏசியின் வெளிப்பெட்டியை முற்றத்துச் சுவரில் மாட்டியிருந்தான். அது ஊதுகிற அனல் நேரே பெரியவளின் சமையலறை ஜன்னலுக்குத்தான் வரும். சின்னவள் குளிரக் குளிர, இவள் வேக வேண்டும். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரைச் சின்னவள் வாளியில் பிடித்துத் தரை துடைப்பாள். "ஏசித் தண்ணியில தரை துடைக்கிறா மகாராணி" என்று லாண்டரியில் போய்ச் சொன்னாள் பெரியவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் சின்னவள் நடையில் நின்று கேட்டாள்.

"அக்கா, மத்தியானத்துல மாமாவ நம்ம ரூம்ல வந்து படுக்கச் சொல்லுங்களேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"அவருக்கு அந்தக் குளிரு ஒத்துக்காது."

"அவரையே கேட்டுப் பாருங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவர் உடம்பு எனக்குத் தெரியாதா?"

அவரைக் கேட்கவே இல்லை. ஆனால் மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கட்டில் காலி. விரிப்பு கலையாமல் கிடந்தது. நடையைத் தாண்டிப் போய்ச் சின்னவள் அறைக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து டிரைவரின் குறட்டை கேட்டது. கதவிடுக்கு வழியாக வந்த குளிர் அவள் கணுக்காலைத் தொட்டது. சுகமாக இருந்தது. அது சுகமாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தட்டாமலே திரும்பி வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"நல்ல தூக்கம்மா."

"இங்க தூங்கறதில்லையா மாமா?"

"தூங்கறேன். அங்க வேர்க்காமத் தூங்கினேன்."

அவ்வளவுதான் சொன்னார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளும் கேட்கவில்லை. ஜெயித்ததாக நினைத்துக்கொண்டாள்.

நினைத்தாளே தவிர நிம்மதி இல்லை. மத்தியான நேரத்தில் இஸ்திரியைத் தள்ளும்போதெல்லாம், கிழவர் எழுந்து அந்தப் பக்கம் போயிருப்பாரோ என்று மனசு நடையிலேயே நின்றது. அப்போதுதான் லாண்டரி முதலாளியம்மா வீட்டுக் கூலர் கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டுக்கும் ஏசி வந்துவிட்டதால் கடையின் பின்கட்டில் தூசி படிந்து கிடந்தது. மூன்று பக்கமும் நார்த்தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, முன்னால் விசிறி.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துட்டுப் போ தாயே, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. ஒண்ணு மட்டும், ரூமுக்கு நடுவுல வைக்காதே. ஜன்னல்ல வெச்சு, முதுகு வெளிய பாத்து இருக்கணும். வெளிக்காத்தை இழுத்து, ஈரத்துல நனைச்சு உள்ள விடும். அப்பத்தான் குளிரும்."

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, தேய்த்துக் கழுவி, ஜன்னல் கம்பிகளைக் கழற்றிவிட்டு உட்கார வைத்தாள். தண்ணீர் ஊற்றி விசையைத் திருப்பியதும் குபுகுபுவென்று ஈரக்காற்று வந்தது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார்.

"அடடா, மலை ரோட்டுல பஸ் ஓட்டற மாதிரி இருக்கும்மா."

பெரியவள் வாசலுக்கு வந்தாள். யாரிடமும் என்றில்லாமல், ஆனால் சின்னவள் காதில் விழுகிற மாதிரி, "மாமாவுக்கு இந்த ஈரக்காத்துதான் ஒத்துக்குது" என்றாள். அன்று இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஊருக்கு வெளியே குப்பைமேடு இருந்தது. காய்ந்து காய்ந்து, வெயில் தாங்காமல் அது பற்றிக்கொண்டது. மேலே அணைத்தால் உள்ளே எரிந்தது. காற்று என்று ஒன்று அசைந்திருந்தால் புகை எங்கேயாவது போய்த் தொலைந்திருக்கும். அசையவில்லை. ஊர்மேல் மூடி போட்ட மாதிரிப் புகை அப்படியே படுத்துக்கொண்டது. சூரியன் பழைய செப்புக்காசு மாதிரித் தெரிந்தது. பார்த்தால் கண் கூசாது, ஆனால் சூடு மட்டும் குறையவில்லை. ஜன்னலைத் திறந்தால் புகை, சாத்தினால் வேக்காடு. முடிந்தவர்கள் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே இருங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். லாண்டரிக்காரிக்கு எது முடியும்? மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சின்னவள் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, புகை அடங்கற வரைக்கும் கூலரைப் போட வேணாம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. வெளிய இருக்கிற புகையை அப்படியே உள்ள இழுத்துடுமாம்."

"ஓகோ. நேத்து வரைக்கும் இழுக்கலையா?"

"முந்தி புகை இல்லையேக்கா."

"தண்ணி வழியாத்தானே காத்து வருது? தண்ணியில நனைஞ்சு வர்றது எப்படி அழுக்கா வரும்? தினமும் ஊரழுக்கை அலசித் தள்றவ நான். எங்கிட்டயே தண்ணியப் பத்திச் சொல்றியா?"

"புகை துணி இல்லையேக்கா."

"சரி, உன் ஏசி மட்டும் எந்தக் காத்தைக் குடிக்குது?"

"அது உள்ள இருக்கிற காத்தையே சுத்திச் சுத்திக் குளிர வைக்குமாம்."

"அப்ப உனக்குப் பழைய காத்து, எங்களுக்குப் புதுக்காத்து. போ, போய் வேலையப் பாரு."

சின்னவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரியவளுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இத்தனை நாள் தன் வயிறு எரிந்தது, இப்போது அவள் முறை. கூலர் வந்ததும் கண் உறுத்துகிறது. இல்லையென்றால் இவளுக்கு என்ன திடீர் அக்கறை? இதையே வேறு யாராவது, லாண்டரி முதலாளியம்மாவோ தெருக்கோடி டீக்கடைக்காரரோ சொல்லியிருந்தால், பெரியவள் அன்றைக்கே கூலரை நிறுத்தியிருப்பாள். சொன்னது சின்னவள். அதுதான் வந்த வினை.

டிரைவர் இருமினார். "லேசாப் புகை வாசனை அடிக்குதேம்மா" என்றார்.

அவர் சொன்னது புகையைப் பற்றி. அவளுக்குக் கேட்டது, சின்னவள் அறையில் புகை வாசனை அடிக்கவில்லை என்று. உடனே ஒரு யோசனை உதித்தது. லாண்டரியில் கடைசி அலசலுக்கு ஒரு வாசனைத் திரவம் ஊற்றுவார்கள். விரிப்பெல்லாம் பூ மணக்கும். அதில் கொஞ்சம் ஒரு குப்பியில் பிடித்து வந்து கூலர்த் தொட்டியில் ஊற்றினாள். அறை முழுக்கக் கமகமவென்று ஆயிற்று. ஏசி வைத்தவளால் இதைச் செய்ய முடியுமா?

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"பூக்கடையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டு இருமினார். புழுக்கத்தால்தான் இருமுகிறார் என்று விசிறியைக் கடைசி வேகத்தில் வைத்தாள். ஈரத்தில் பட்டதெல்லாம் வெளுத்துவிடும் என்பது அவளுடைய பிழைப்பு சொல்லிக்கொடுத்த பாடம். பூ வாசனை புகை வாசனையை மூடிவிட்டது. புகையை அது என்ன செய்யும்? அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் லாண்டரியில் மடித்து அடுக்குகிற பெண் ஒருத்தி நின்றபடியே மயங்கிச் சரிந்தாள். முதலாளியம்மா பயந்துபோய் நீராவியை நிறுத்தி எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தெருவில் நாய்கூட இல்லை. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கதவைத் திறந்தாள். உள்ளே பூ மணத்தது.

டிரைவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் குழி விழுந்தது.

"மாமா."

"ஒண்ணுமில்லம்மா. வா. உக்காரு." ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. பக்கத்தில் மருந்துக் குப்பி கிடந்தது. எடுத்து அழுத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. அவளுக்குத் தெரியாமல் உறிஞ்சி உறிஞ்சித் தீர்த்திருக்கிறார்.

படுக்க வைக்கலாம் என்று தலையணையைத் திருப்பப் போனவள் கை அப்படியே நின்றது. முந்தாநாள் அவள் கையால் தேய்த்துப் போட்ட வெள்ளை உறை. அவர் தலை இருந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளையாக இருந்தது. அதைச் சுற்றி எல்லாம் சாம்பல் நிறம். விரலால் தேய்த்தாள். விரல் நுனி கறுத்தது. வியர்வை அழுக்கு மஞ்சளாக இருக்கும், எண்ணெய் அழுக்கு பிசுக்கும். அழுக்குகளை அவளுக்குத் தெரியும். இது கரி. தண்ணீரில் நனைந்து, பூ வாசனையோடு வந்த கரி. தலையணையில் படிந்தது இவ்வளவு என்றால் அவர் நெஞ்சுக்குள் போனது எவ்வளவு?

கூலரை நிறுத்தினாள். ஜன்னலை அதோடு சேர்த்து ஒரு போர்வையால் அடைத்தாள். அடைத்த கொஞ்ச நேரத்தில் அறை அடுப்பாயிற்று. டிரைவரின் நெற்றியில் வியர்வை ஆறாக வழிந்தது, மூச்சு இன்னும் குறுகியது. போர்வையை எடுத்தால் புகை. எடுக்காவிட்டால் இது. அவரைக் கொண்டுபோக இருந்தது ஒரே இடம்தான். அது நடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"எழுந்திருங்க மாமா. அங்க போலாம்."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

அவர் மூச்சைத் திரட்டிக்கொண்டு சொன்னார்: "நான் அங்க போனா நீ சாப்பிட மாட்டேங்கறே."

பெரியவளை யாராவது அறைந்திருந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள். இவர் போகாமல் இருந்ததை அவள் ஜெயித்தது என்று நினைத்தாளே, அது இதுதானா? குனிந்து அவர் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு தூக்கினாள். இரண்டு கையும் அவரைப் பிடித்திருந்ததால் சின்னவள் கதவைக் காலால்தான் தட்ட முடிந்தது.

கதவு திறந்தது. சின்னவள் இன்னொரு பக்கத் தோளைப் பிடிக்க வந்தாள்.

"நான் புடிச்சுக்கறேன்" என்றாள் பெரியவள்.

"படி தட்டும்க்கா. விடுங்க."

விட்டாள். இருவருமாக அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். சின்னவள் அலமாரியைத் திறந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தாள். அவர் உறிஞ்சுகிற அதே மருந்து, உறை பிரிக்காதது. அவர் வாயில் வைத்து அழுத்தி, மூச்சை உள்ளே நிறுத்தச் சொன்னாள். பிறகு கிளினிக்குக்குப் போன் போட்டாள். ஜன்னலைத் திறக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், சற்று நேரத்தில் அடங்காவிட்டாலோ உதடு நீலமானாலோ நிற்காமல் தூக்கி வாருங்கள் என்றாள் நர்ஸ். சின்னவள் புருஷனுக்கும் சொன்னாள். அவன் வண்டியோடு கிளம்பிவிட்டான்.

காத்திருந்தார்கள். பெரியவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆயுளில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. மெல்ல மெல்லத் தோள் இறங்கியது. அவர் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேசினார்: "ரெண்டு பேரும் ஏன் இப்படி எம் மூஞ்சியையே பாக்கறீங்க?"

அப்போதுதான் பெரியவளின் கண் அலமாரிப் பக்கம் போனது. புதுத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. ஒரு தம்ளர். கழற்றி வைக்கிற பல்செட்டுக்கு ஒரு கிண்ணம்.

"இதெல்லாம் யாருக்கு?"

"மாமாவுக்குத்தான்."

"எப்ப வாங்கினே?"

"ஏசி வந்தப்பவே." சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அவர் இங்க வந்து இருப்பாருன்னு நெனச்சேன். வந்தது ஒரே ஒரு நாள். அன்னிக்கும் படுக்கற வரைக்கும் பெரியவ இப்படி, பெரியவ அப்படி. முழிச்சதும் பெரியவ வந்துட்டாளா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. குளிரு எங்கிட்ட, பேரு மட்டும் உங்ககிட்ட."

பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிட இனிப்பாக இருந்தது. இந்த மகாராணி, ஏசிக்காரி, தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் கூலரே வந்திருக்காதே என்று நினைத்தாள். பழியைக் கொஞ்சமாவது அவள் பக்கம் தள்ளாவிட்டால் பெரியவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

"நீ சொன்னப்பவே கூலரை நிறுத்தியிருக்கணும்" என்றாள் கடைசியில். அதற்கு மேல் அவளால் இறங்கி வர முடியவில்லை. சின்னவளும் அதற்கு மேல் இழுக்கவில்லை.

குப்பைமேடு அடங்குகிற வரைக்கும் டிரைவர் அங்கேயே இருக்க வேண்டும் என்று கொழுந்தன் வந்து சொல்லிவிட்டான். பெரியவள் போய் அவருடைய வேட்டிகளையும் தலையணையையும் எடுத்து வந்தாள். தலையணைக்குப் புது உறை போட்டாள். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது ஒவ்வொரு சட்டம் சொன்னாள். வெந்நீரை ரொம்பச் சூடாகக் கொடுக்காதே. இடது பக்கம் படுத்தால் இருமுவார். கேட்காமல் விளக்கை அணைக்காதே. சின்னவள் எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள்.

"நீங்களும் இங்கயே படுங்கக்கா."

"எனக்கு வேக்காடு பழக்கம்."

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்தில் டிரைவர் மறுபடி லேசாக இருமினார். சின்னவள் அவர் முதுகில் கை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிவிட்டாள். பெரியவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"நகரு. அப்படி இல்ல. கீழேருந்து மேல போகணும். உள்ளங்கையைக் குழிச்சு வெச்சுக்கோ. இப்படி."

செய்து காட்டினாள். பழகிய கை பட்டதும் அவர் முதுகு இளகுவது தெரிந்தது. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நாளைக் காலையில் லாண்டரிக்குப் போக வேண்டும். பகல் முழுக்க இவருக்கு இருமல் வந்தால் பக்கத்தில் இருக்கப்போவது இவள்தான். பெரியவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ செய், பாக்கறேன்."

சின்னவள் உள்ளங்கையைக் குழித்துக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோனாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. டிரைவரின் இருமல் அடங்கியது. கண்ணைத் திறக்காமலே, தூக்கக் கலக்கத்தில், "பெரியவளா?" என்றார்.

சின்னவளின் கை பாதியில் நின்றது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் நம்பிவிடுவார். பெரியவளுக்கு அந்த ஆமாம் வாய்வரை வந்தது.

"இல்ல மாமா. சின்னவ" என்றாள். பிறகு, சும்மா இருக்க முடியாமல், "நான் சொல்லிக் குடுத்தது" என்றாள்.

அதைக் கேட்க அவர் விழித்திருக்கவில்லை. பெரியவள் இன்னொரு தரம் சொன்னாள், சின்னவளுக்காவது கேட்கட்டும் என்று.